உறுப்பினர் இல்லாத சங்கம்

இப்போதெல்லாம் ஒரு வேலையைச் சும்மா செய்துவிட்டுப் போக யாருக்கும் தெரிவதில்லை. தெருவில் கிடக்கிற கல்லை நகர்த்த வேண்டுமென்றால் முதலில் கல் அகற்றும் குழு வேண்டும். குழுவுக்குத் தலைவர் வேண்டும். தலைவர் பேசுவதற்கு மைக் வேண்டும். கல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். தலைவர் அதன்மேல் ஏறி நின்று பேசுவார். நான் பஞ்சர் கடை வைத்திருப்பவன். ஆணி குத்திய டயரோடு ஒருவன் வந்தால் ஆணியைப் பிடுங்குகிறேன், ஓட்டையை அடைக்கிறேன், அனுப்புகிறேன். ஆணி ஒழிப்புச் சங்கம் என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவன் வண்டி இன்றைக்கும் என் கடை வாசலில்தான் நின்றுகொண்டிருக்கும். இதைச் சொன்னால் என் மகளுக்குப் பிடிக்காது. நீங்கள் எதையுமே நம்ப மாட்டீர்கள் என்பாள். நம்புகிற மாதிரி ஒருத்தன் வரட்டும், நம்புகிறேன்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. விரிப்புகள், தலையணை உறைகள், ஆபரேஷன் அறைப் பச்சைத் துணிகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, உலர்த்தி, மடித்து, மாடிக்கு அனுப்பிவிட்டு அவள் வெளியே வரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். பேத்தியின் பள்ளிக்கூடம் மூன்றரை மணிக்கே விட்டுவிடும். மருமகன் என்று ஒருவர் இருந்தார். இப்போது எங்கே இருக்கிறார் என்பது அவரைப் பெற்றவளுக்கே தெரியாது. அந்தப் பேச்சு வேண்டாம்.

பள்ளி விடுவதற்கும் மகள் வருவதற்கும் நடுவே இருக்கிற அந்த நேரம்தான் எங்கள் வீட்டின் தலைவலி. முதலில் பிள்ளையை என் கடையில் உட்கார வைத்துப் பார்த்தோம். கடை பெரிய சாலை ஓரம். ஒரு லாரிக்காரன் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து, பிள்ளை உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூள் தூளாக்கினான். பிள்ளை அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். மகள் சாயங்காலம் வந்து அந்த மரத்துண்டுகளைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து பிள்ளை கடைப் பக்கம் வரவில்லை.

அப்புறம்தான் சாயங்கால அறை வந்தது. என் மகளும், அவளைப் போல வேலைக்குப் போகிற வேறு பல பெண்களும் சேர்ந்து செய்த காரியம் அது. ஒருத்தி டவுன் பஸ் ஓட்டுகிறவள். ஒருத்தி மருந்துக்கடையில் நிற்கிறவள். மற்றவர்கள் துணி தைக்கிற கம்பெனியிலும் வீடுகளிலும் வேலை செய்கிறவர்கள். பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சரிடம் பேசி, பழைய டிராயிங் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எவளுக்கு அன்றைக்கு விடுமுறையோ அவள் வந்து பிள்ளைகளோடு உட்காருவாள். பாய் விரித்திருக்கும். தூங்குகிறது தூங்கும், எழுதுகிறது எழுதும், அடித்துக்கொள்வது அடித்துக்கொள்ளும். அந்த டீச்சரம்மாவும் பாதி நாள் வீட்டுக்குப் போகாமல் கூடவே இருப்பார். பெயர் கிடையாது, போர்டு கிடையாது. இரண்டு வருஷம் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தது. சத்தமில்லாமல் நடக்கிறதைப் பார்த்தால் சிலருக்குப் பொறுக்காது.

புதிதாக ஒரு தலைமை ஆசிரியை மாறுதலாகி வந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்களால் வருகிற கெடுதல்தான் அதிகம். பள்ளி முடிந்த பிறகு ஒரு பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். அந்த அம்மாக்கள் எல்லாருமே பொறுப்பு என்றார்கள். எல்லாரும் என்று ஒருவர் சட்டத்தில் கிடையாது என்றார் அவர். பள்ளி அறையைக் கொடுக்க வேண்டுமானால் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து முறைப்படி பதிவு செய்த, லாப நோக்கம் இல்லாத சங்கம் ஒன்று இருக்க வேண்டுமாம். லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்று பதிவு கையில் இல்லாவிட்டால் அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டிவிடுவாராம்.

அன்று ராத்திரி மகள் சாப்பிடவில்லை. சலவைப் பிரிவில் இருக்கிற மேற்பார்வையாளன், சீக்கிரம் கிளம்புகிற ஆளுக்கு இங்கே வேலையில்லை என்று ஏற்கெனவே ஒருத்தியை அனுப்பியிருக்கிறான்.

"அறை போச்சுன்னா வேலை போச்சுப்பா" என்றாள்.

சங்கம் அமைக்கக் கூட்டம் என்று பள்ளியிலிருந்து எல்லாருக்கும் தகவல் போயிற்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், பஸ் ஓடிக்கொண்டிருக்கும், மருந்துக்கடை திறந்திருக்கும். ஆக, சாயங்கால அறை யாருக்கு வேண்டுமோ அவர்கள் ஒருவரும் வர முடியாது. வந்தவர்கள் யார் என்றால், மூன்றரை மணிக்கு வாசலில் கார் நிறுத்திப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள். அந்த அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

மகள் தனக்குப் பதிலாக என்னை அனுப்பினாள். போய் உட்கார வேண்டும், அறையைப் பற்றிப் பேசுகிறார்களா என்று பார்க்க வேண்டும், வாயை மட்டும் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை வாசல்வரை வந்து இரண்டாம் முறை சொன்னாள்.

கூட்டம் ஒன்றாம் வகுப்பில் நடந்தது. நாற்காலியெல்லாம் முழங்கால் உயரம். பெரிய மனிதர்கள் எல்லாம் முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் நாற்காலி ஒன்றுதான் ஒழுங்கான நாற்காலி. அதில் ஒருவர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டார். கடைத்தெருவில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அவர்தான் தலைவர் ஆவார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எதிரில் ஒரு வக்கீல். அவர் கோர்ட்டில் நின்று வாதாடி யாரும் பார்த்ததில்லை, பத்திரம் எழுதுகிறவர். பக்கத்தில் ஒரு பல் டாக்டரம்மா. யாரோடு பேசினாலும் அந்த அம்மாள் முகத்தைப் பார்ப்பதில்லை, பல்லைத்தான் பார்க்கிறார். என்னைப் பார்த்ததும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். மகள் சொன்னதும் அதைத்தானே.

முதல் கூட்டம் முழுக்கப் பெயர். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் பெயர் வைக்கிற அவசரம். பெற்றோர் ஆசிரியர் சங்கமா, ஆசிரியர் பெற்றோர் சங்கமா என்று சண்டை வந்தது. மாதா பிதா குரு என்கிற வரிசைப்படி பெற்றோர்தான் முதலில் என்றார் வக்கீல். கணக்கு வாத்தியார் அகர வரிசைப்படி ஆசிரியர்தான் முதலில் என்றார். இரண்டு பேரும் எழுந்து நின்றுகொண்டார்கள். அப்புறம் நலச் சங்கமா, மேம்பாட்டுச் சங்கமா என்று ஒரு சண்டை. சாப்பாட்டு நேரம் வந்ததால் எல்லாரும் உயிர் பிழைத்தார்கள்.

இரண்டாவது கூட்டம் முத்திரை. நடுவில் புத்தகம் போடலாம் என்றார் ஒருவர். தீப்பந்தம் என்றார் இன்னொருவர். புத்தகத்துக்குப் பக்கத்தில் தீப்பந்தம் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. சிரிக்கிற குழந்தை முகம் வேண்டும் என்று பல் டாக்டரம்மா பிடிவாதமாக இருந்தார். பல் தெரியச் சிரிக்க வேண்டுமாம்.

இரண்டு கூட்டத்திலும் சாயங்கால அறையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மகளிடம் வந்து சொன்னேன். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்களை நீவிக்கொண்டே கேட்டாள். அடுத்த கூட்டத்தில் மட்டும் வாயைத் திறக்கலாம் என்று அனுமதி கொடுத்தாள். அதுவும் ஒரே ஒரு தடவை.

மூன்றாவது கூட்டத்தில் பதவிகள். அதற்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது. டைல்ஸ்காரரும் பல் டாக்டரம்மாவும் தலைவர் பதவிக்கு நின்றார்கள். ஓட்டுப் போட்டால் தோற்கிறவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார், அவருக்கு வேண்டியவர்களும் போய்விடுவார்கள். அதனால் வக்கீல் சமாதானம் பேசினார். டைல்ஸ்காரர் தலைவர், டாக்டரம்மா செயல் தலைவர்.

இங்கேதான் எனக்கு நாக்கு நிற்கவில்லை. "அப்போ இவரு செயல்படாத தலைவருங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

கணக்கு வாத்தியார் மட்டும் சிரித்தார். அவருக்கு உடனே துணைத் தலைவர் பதவி கொடுத்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

அப்புறம் அணை உடைந்த மாதிரிதான். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? செயலாளர், இணைச் செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், அமைப்பாளர், விழா அமைப்பாளர், சட்ட ஆலோசகர், பொது ஆலோசகர். தலைமை ஆசிரியைக்குக் காப்பாளர் பதவி. வந்து உட்கார்ந்த ஒருவரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதில் வக்கீல் கண்ணும் கருத்துமாக இருந்தார். கல்யாண வீட்டில்கூட அப்படித் தாராளமாகப் பரிமாற மாட்டார்கள். கடைசியில் என்னையும் பார்த்தார். மூத்தோர் பிரிவுத் தலைவராக இருக்கிறீர்களா என்றார். அந்தப் பிரிவில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். நீங்கள் மட்டும்தான் பெரியவரே என்றார். வேண்டாம் சாமி, எனக்கு நானே தலைமை தாங்குகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதோடு சேர்த்தே சாயங்கால அறையைக் கேட்டேன். அதெல்லாம் நோக்கங்களில் வரும் என்றார் வக்கீல். நோக்கங்களைப் படிக்கச் சொன்னேன். மாணவரின் பன்முக ஆளுமை வளர்ச்சிக்கு உறுதுணையாக இருத்தல் என்று தொடங்கி மூச்சு விடாமல் படித்தார். அதில் அறையும் இல்லை, பாயும் இல்லை, சாயங்காலமும் இல்லை.

சரி, அந்த அம்மாக்களையாவது உறுப்பினராகச் சேர்ப்பீர்களா என்றேன். மூன்று கூட்டத்துக்கும் வந்தவர்கள்தான் உறுப்பினர் ஆகலாம் என்று ஒரு விதி போட்டிருந்தார்கள். அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள் ஐயா, சனிக்கிழமை எப்படி வருவார்கள் என்றேன்.

டைல்ஸ்காரர் சிரித்துக்கொண்டே, "ஆர்வம் இருந்தா நேரம் தானா வரும், பெரியவரே" என்றார்.

இதை மகளிடம் சொன்னபோது, மடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் பாவாடையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

சங்க விண்ணப்பத்தைப் பதிவு அலுவலகத்தில் கொடுக்கப்போகிற அன்று என்னையும் கூடப் போகச் சொன்னாள். கொடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். பள்ளி திறக்கப் பத்து நாள்கூட இல்லை. டைல்ஸ்காரர் காரில் முன்சீட்டில் வக்கீல், பின்சீட்டில் டாக்டரம்மாவுக்கும் கணக்கு வாத்தியாருக்கும் நடுவில் நான். எதற்கு வருகிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. கேட்கவும் தயக்கம். வயதானவனுக்கு அந்த ஒரு வசதி உண்டு.

அலுவலகம் கீழ்த்தளத்தில். நீளப் பெஞ்சு, மெதுவாகச் சுற்றுகிற மின்விசிறி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. நாள் முழுக்கச் சங்கங்களையே பார்க்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்? தலைவரும் செயல் தலைவரும் துணைத் தலைவரும் சட்ட ஆலோசகரும் வரிசையாகத் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். அவள் நிமிரவில்லை. விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் திருப்பி முதல் பக்கத்துக்குப் போனாள். மறுபடியும் கடைசிப் பக்கம்.

"இவங்க எல்லாம் நிர்வாகிங்க. உறுப்பினருங்க எங்கே?"

இவர்கள்தான் உறுப்பினர்கள் என்றார் வக்கீல். எல்லாருக்குமே ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறோம் என்று பெருமையாக வேறு சொன்னார்.

"உங்களைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"நாங்கதான்."

"நீங்க தப்பு பண்ணா கேக்கப் போறது?"

வக்கீல் ஒரு நொடி தயங்கினார். "அதுவும் நாங்கதான்."

அப்போதுதான் அந்தப் பெண் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாரும் பல்லக்குல ஏறிட்டா தூக்குறது யாரு சார்?"

அவளுக்குக் கோபமில்லை, சிரிப்புமில்லை. ஊரில் மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நிர்வாகிகளைப் போல இரண்டு பங்கு சாதாரண உறுப்பினர்கள் இருந்தால்தான் அது சங்கம், இல்லாவிட்டால் வெறும் மேடை என்று சொல்லி, எல்லாவற்றையும் தடுப்புக்கு அடியில் தள்ளிவிட்டாள். அடுத்து நின்றவரைக் கூப்பிட்டாள். சட்டம் படித்த மனிதர் ஒருவர், நாலு பேர் கோபித்துக்கொள்வார்களே என்று பயந்து, சங்கத்தில் தலையை மட்டும் வைத்து உடம்பை வைக்க மறந்திருக்கிறார். இப்படி ஒரு தப்பைச் செய்யப் படித்தவர்களால்தான் முடியும்.

திரும்பி வரும்போது காருக்குள் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சிலர் பதவியை விட்டுவிட்டுச் சாதாரண உறுப்பினராக இருந்தால் போதும் என்றார் வக்கீல். நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். யார் விடுவது என்றதும் எல்லாரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். துணைத் தலைவர் பதவி அவசியமா என்று டாக்டரம்மா கேட்டார். செயல் தலைவர் பதவி அவசியமா என்று கணக்கு வாத்தியார் கேட்டார். நடுவில் நான் இருந்ததால் இருவரும் என் மூக்குக்கு முன்னாலேயே பேசிக்கொண்டார்கள். தன் கடையில் வேலை செய்கிறவர்களை உறுப்பினராகப் போடலாம் என்றார் டைல்ஸ்காரர். பிள்ளை இந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்றார் வக்கீல். அப்புறம் டைல்ஸ்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். குரலில் தேன் வந்துவிட்டது. உங்கள் மகளோடு சேர்த்து அந்த சாயங்கால அம்மாக்கள் எத்தனை பேர் இருப்பார்கள் ஐயா என்றார். அதுவரை பெரியவரே, அன்றைக்குத்தான் ஐயா.

தெரியாது என்று சொன்னேன். தெரியும்.

மறுநாள் சாயங்காலம் டைல்ஸ்காரரும் வக்கீலும் என் கடைக்கே வந்துவிட்டார்கள். கையில் ஒரு பெரிய பிஸ்கட் பொட்டலம். மகள் வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்து வந்திருக்கிறார்கள். அவர்கள் பேசி முடித்ததும் நான் மகளைக் கம்ப்ரஸர் பக்கம் தனியாகக் கூப்பிட்டேன். கையெழுத்துப் போடாதே என்றேன். வேண்டாதபோது ஆர்வம் இல்லாதவள், வேண்டியபோது அம்மாவா? இந்த மாதிரி ஆட்கள் கூட்டத்தில் உன் பெயரையும் சேர்த்துவிட்டு, நாளைக்கு ஏதாவது கோளாறு வந்தால் ஓடிப்போய்விடுவார்கள், எல்லாம் உன் தலையில்தான் விடியும் என்றேன்.

"போடலைன்னா நாளைக்கே என் தலையில விடியும்பா" என்றாள். "ஓடிப்போறவங்களை நான் பார்க்காதவளா?"

நான் ஒரு ட்யூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன்.

அவர்களிடம் போய் இரண்டே விஷயம் சொன்னாள். நோக்கங்களில் முதல் நோக்கமாகச் சாயங்கால அறையை எழுத வேண்டும், பன்முக ஆளுமையெல்லாம் அதற்குக் கீழே வரட்டும். மூன்று கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும் என்கிற விதியை எடுக்க வேண்டும்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றார் டைல்ஸ்காரர்.

"பாத்துக்க வேணாம் சார். எழுதுங்க."

நோக்கங்களை மாற்ற வேண்டுமென்றால் நிர்வாகக் குழு கூட வேண்டும், அதற்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று வக்கீல் ஆரம்பித்தார். அப்படியானால் அறிவிப்புக் கொடுத்துக் கூட்டி முடித்துவிட்டு வாருங்கள், நாங்கள் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருப்போம் என்றாள் மகள். சொல்லிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வக்கீலுக்கு முன்னறிவிப்பு உடனே மறந்துவிட்டது. போனை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் நிர்வாகக் குழு என் கடை வாசலில் கூடியது. செயல் தலைவர் கிளினிக் கோட்டோடு வந்தார். இணைச் செயலாளர் எதையும் தொடாமல் நின்றார், சட்டையில் கிரீஸ் பட்டுவிடுமாம். வக்கீல் ஒரு லாரி டயரைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதினார். நடுவில் ஒருவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, என்ன இது, துக்க வீடா என்று மெதுவாகக் கேட்டான். சங்கம் என்றேன். அடுத்த கடையில் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டான். அன்றைக்கு எனக்கு வியாபாரம் போனதுதான் மிச்சம்.

எழுதினார்கள். மகள் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். அடுத்த மூன்று நாளில் பஸ் ஓட்டுகிறவள் டிப்போவிலும், மருந்துக்கடைக்காரி கல்லாப் பக்கத்திலும், மற்றவர்கள் கிடைத்த இடத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். டிராயிங் டீச்சரும் போட்டார். சாதாரண உறுப்பினராகவே இருந்துகொள்கிறேன், எனக்குப் பதவி வேண்டாம் என்றாராம். அந்தக் கூட்டத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆசிரியர் அவர்தான். கண்ணாடித் தடுப்புப் பெண் எண்ணிப் பார்த்து முத்திரை குத்தினாள். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் பதிவு கைக்கு வந்தது.

பள்ளி திறந்த அன்று சாயங்காலம் சங்கத் தொடக்க விழாவும் முதல் பொதுக்குழுவும் ஒன்றாக நடந்தன. இந்தத் தடவை நேரத்தை டீச்சரம்மா சொல்லி மாற்றியிருந்தார்கள். மேடையில் நிர்வாகிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே நாற்காலி போதவில்லை. அம்மாக்கள் பாதி பேர் வேலை உடுப்போடே நின்றார்கள். மகளின் கையில் ஆஸ்பத்திரிச் சோப்பு வாசனை எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. பின்னால் ஒரு பெரிய போர்டு. அத்தனை பதவியும் அத்தனை பெயரும் எழுதியிருந்தது. முதல் நோக்கம் அதில் இல்லை, இடம் போதவில்லையாம்.

நாலு பேர் பேசி முடித்த பிறகு டைல்ஸ்காரர் எழுந்தார். சாயங்கால அறையின் சாவி செயலாளரிடம் இருக்கும், நிர்வாகக் குழு அனுமதிக்கிற நாட்களில் அறை திறக்கப்படும், இதைப் பொதுக்குழு ஒருமனதாக ஏற்றுக்கொள்கிறது என்று ஒரே மூச்சில் படித்தார். படித்துவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்தினார். மேடையில் இருந்தவர்கள் தட்டினார்கள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. என்ன எழுதி வாங்கினாலும் கடைசியில் சாவி இவர்கள் பையில்தான் போகும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

கீழே இருந்து மகள் கையைத் தூக்கினாள். "பொதுக்குழு ஏத்துக்கலை சார்."

டைல்ஸ்காரருக்குப் புரியவில்லை. உட்காருங்கம்மா, கேள்வி நேரம் அப்புறம் என்றார்.

"கேள்வி இல்ல சார். பொதுக்குழுன்னா நாங்கதான். கையைத் தூக்கச் சொல்லி எண்ணுங்க."

வக்கீல் குனிந்து டைல்ஸ்காரர் காதில் ஏதோ சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கண்ணாடித் தடுப்புப் பெண் கேட்ட இரண்டு பங்கு ஆட்களும் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். கைகள் எழுந்தன. பஸ் ஓட்டுகிறவள் இரண்டு கையையும் தூக்கினாள். ஒன்றைக் கீழே போடச் சொன்னார்கள். அன்றைக்கு யார் பிள்ளைகளோடு உட்காருகிறார்களோ அவர்களிடம்தான் சாவி, பள்ளி நடக்கிற எல்லா நாளும் அறை திறந்திருக்கும் என்று தீர்மானமாயிற்று. தலைமை ஆசிரியை பயந்துகொண்டே தலையசைத்தார். டிராயிங் டீச்சர் எழுந்து போய் அறையைத் திறந்தார். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு உள்ளே ஓடின. என் பேத்தி ஜன்னல் ஓரப் பாயைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வருஷக்கணக்கில் ஆகிறது. நானும் தலையை ஆட்டினேன். வேலை தப்பியது. அதில் எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று யார் சொன்னது?

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போனார்களா? பஸ் ஓட்டுகிறவள் எழுந்து, நிர்வாகிகள் இத்தனை பேர் எதற்கு, குறைத்துவிட்டுப் புதிதாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றாள். அதற்கும் கைகள் எழுந்தன. வந்த வேகத்தில் விழா அமைப்பாளர், பொது ஆலோசகர் எல்லாம் போனார்கள். டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கிலும் என் பல்லைப் பார்த்தார். டைல்ஸ்காரர் மட்டும் தலைவர் நாற்காலியைவிட்டு அசையவில்லை. செயலாளராக என் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கைதட்டினார்கள். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். மூன்றாவது தடவை சொன்ன வேண்டாம் கொஞ்சம் மெதுவாக வந்தது.

அடுத்தது இணைச் செயலாளர். பஸ் ஓட்டுகிறவள் எழுந்தாள். மருந்துக்கடைக்காரியும் எழுந்தாள். இரண்டு வருஷம் ஒரே பாயில் மாறி மாறி உட்கார்ந்து, ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி மூக்குத் துடைத்துவிட்டவர்கள். அறையை முதலில் கேட்டு வாங்கியது நான்தான் என்றாள் ஒருத்தி. அதிக நாள் உட்கார்ந்தது நான்தான் என்றாள் மற்றவள். குரல் ஏறிற்று. வக்கீல் முகத்தில் உயிர் வந்துவிட்டது. இரண்டு இணைச் செயலாளர் வைத்துக்கொள்ளலாம், விதியில் இடமிருக்கிறது என்று பேனாவைத் திறந்தார்.

மகள் மேசையைத் தட்டினாள். "ஒழுங்குப்படி பேசுங்க. ஒருத்தர் ஒருத்தரா."

ஒழுங்குப்படியாம். இந்த வார்த்தையை அவள் வாயில் நான் இதற்கு முன்னால் கேட்டதில்லை. டைல்ஸ்காரர் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்ல, அவளும் தலையசைத்துக் குறித்துக்கொண்டாள். நேற்றுவரை ஆர்வம் இல்லாதவள்.

நான் சுவரோரமாக நழுவினேன். வாசலில் டிராயிங் டீச்சர் நின்றிருந்தார். இருங்கள் ஐயா, குழுப்படம் எடுக்கப்போகிறார்கள், நீங்களும் நிற்க வேண்டும் என்றார். படத்தில் நிற்க எனக்கு என்ன பதவி இருக்கிறது என்றேன். செயலாளரின் அப்பா என்று சொல்லிச் சிரித்தார். நல்ல அம்மாள்தான். அவரையும் நான் நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்லாத ஆள் என்று மட்டும் சொல்வேன்.

இன்றைக்கு அறை திறந்திருக்கிறது. நாளைக்கும் திறந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் கழித்து, பாயில் உட்காரப் போகிறது யார், மேடையில் உட்காரப் போகிறது யார் என்று என்னிடம் வந்து கேளுங்கள், சொல்கிறேன். இவர்களோ அவர்களோ, நாற்காலி ஒன்றைக் கண்ணில் காட்டினால் எல்லாருக்கும் கால் வலிக்க ஆரம்பித்துவிடுகிறது.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்திருந்தேன். கேட்டைத் தாண்டி நடந்தேன். பின்னால் கைதட்டல் கேட்டது. எதற்கென்று திரும்பிப் பார்க்கவில்லை.